முந்திரிகையும் தேறலும்

கானாடுகாத்தானில் பழைய வீடொன்றின் இரண்டாங்கட்டில் அமர்ந்து, அவ்வீட்டு முதியவர் ஒருவரோடு எண்சுவடி குறித்து உரையாடும் வாய்ப்பு எமக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கிட்டியது. நகரத்தார் பிள்ளைகள் கொண்டுவிற்கக் கடல்கடந்து செல்லுமுன் மனப்பாடமாக்கிய கீழ்வாயிலக்கத்தை அவர் தடையின்றி ஒப்பித்தார். முந்நூற்றிருபதில் ஒரு கூறு முந்திரி. அதன் இரட்டி அரைக்காணி. அதன் இரட்டி காணி. பின்னர் அரைமா, மா என அது வளரும். 'முந்திரி' என்னும் சொல் காதில் விழவே, அடுப்படியிலிருந்து வந்த ஆச்சி, முந்திரிக்கென்ன, வறுத்தே வைத்திருக்கிறோம் என்று சொல்லி, ஒரு தட்டில் முந்திரிப் பருப்பைக் கொணர்ந்து வைத்தார். கணக்கறையில் ஒரு முந்திரி, அடுப்படியில் ஒரு முந்திரி. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது முந்திரி ஒன்று தமிழில் உண்டு. பழமையில் அஃது அடுப்படி முந்திரிக்கு மிக மூத்தது. அதனை அவ்வீட்டில் அன்று எவரும் நினைக்கவில்லை. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

முந்திரிகை என்பது திராட்சைக் கொடிக்குத் தமிழில் வழங்கிய பெயர். இதனை அறியாமையால் விளையும் பிழை சிறியதன்று. யாமே ஒருகால், வகுப்புக் குறிப்பொன்றில், பதினாறாம் நூற்றாண்டிற்கு முற்பட்ட வழக்கு ஒன்றில் வந்த முந்திரிகைக்குப் பருப்புத் தரும் மரம் எனப் பொருளெழுதிக் கொடுத்தோம். எம் குறிப்பை நம்பிய மாணாக்கர் இருவர் அதனைத் தம் ஆய்வேட்டிலும் ஏற்றினர். அக்காலத்துத் தமிழகத்தில் அம்மரமே இல்லை என்பதைப் பின்னரே உணர்ந்தோம். பிழையைத் திருத்தப் புகுந்தபோது வேறொரு வினா எழுந்தது. ஒரு கொடிக்கு இத்துணைப் பழைய பெயர் இருந்தும், அக்கொடியின் மதுவை இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழ் வேந்தர் அருந்தியிருந்தும், மதுவுக்கெனக் கொடி வளர்க்கும் தொழில் இந்நாட்டில் வேரூன்றாமை ஏன்? சொல்லின் வரலாறும் கொடியின் வரலாறும் மதுவின் வரலாறும் தமிழகத்தில் தனித்தனி வழியிற் சென்றன என்பதே யாம் கண்ட விடை.

முதற்கண் சொல்லை எடுத்துக்கொள்வோம். வடமொழியில் திராட்சைக்கு 'மிருத்வீகா' என ஒரு பெயருண்டு. பாலியில் அது 'முத்திகா' ஆயிற்று. சிங்களத்தில் இன்று வழங்கும் 'மிதி' என்பதும் இவ்வழியினதே. தமிழ் முந்திரிகையை மிருத்வீகாவின் திரிபாகவே அகராதியாளர் கொள்வர். 'திராட்சை' என்பது 'திராக்ஷா' என்னும் மற்றொரு வடசொல்லின் வடிவம். பசுவின் முலைக்காம்பை ஒத்த பழம் என்னும் கருத்தில் எழுந்த 'கோத்தனி' என்பதும் அகராதிகளில் உண்டு. இம்மூன்றும் வெளியிலிருந்து வந்தனவே. பழத்தைக் காய்ந்த வற்றலாகவும் மருந்துச் சரக்காகவும் முதலிற் கண்ட மக்கள், பொருளோடு பெயரையும் பெற்றுக்கொண்டனர் எனக் கருதுதல் பொருந்தும்.

இனி, பருப்புத் தரும் மரம் பிரேசில் நாட்டது. போர்த்துக்கீசியர் அதனைப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவின் மேலைக் கடற்கரைக்குக் கொணர்ந்தனர். 1563ஆம் ஆண்டு கோவாவில் அச்சான கார்சியா த ஓர்தாவின் மருந்துப்பொருள் நூலில் இம்மரம் பேசப்படவில்லை. 1578ஆம் ஆண்டு வெளிவந்த அக்கோஸ்தாவின் நூலோ அதனைக் கொச்சித் தோட்டத்திற் கண்டதாகக் கூறுகின்றது. மலையாளத்தார் இதற்குப் 'பறங்கிமாவு' எனப் பெயரிட்டு, வந்த வழியைப் பெயரிலேயே பொறித்துவிட்டனர். தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் 'கொல்லாமரம்' எனல் உண்டு. ஏனைத் தமிழ்நாட்டாரோ முன்பே கையிலிருந்த முந்திரிகை என்னும் பெயரையே இதற்குச் சூட்டினர். சாறு நிறைந்த பழம், புளிக்கவைத்தால் மதுவாகும் பழம் என்னும் ஒப்புமை இதற்குக் காரணமாகலாம். வற்றலும் பருப்பும் ஒருங்கே பாயசத்தில் விழுவதும் காரணமாகலாம். இவை எம் ஊகமே, துணிந்து கூறுதற்கில்லை.

பெயர் கைமாறிய படிநிலைகளை மட்டும் துணிந்து கூறலாம். ஈழத் தமிழரிடத்து இன்றும் முந்திரிகை என்றால் திராட்சையே. பருப்பு மரத்தை அவர் 'மரமுந்திரிகை' என்பர். பருப்பைக் 'கஜு' என்றலும் உண்டு. அஃதாவது பழைய பொருள் அடையின்றி நிற்க, புதியது 'மரம்' என்னும் அடை பெற்றது. இது முதற்படி. தமிழ்நாட்டில் பின்னர் நிலை தலைகீழாயிற்று. மரம் அடையை நீக்கிக்கொண்டு வெறும் முந்திரியாயிற்று. கொடியோ தன் பெயரைத் தக்கவைக்க அடை வேண்டிக் 'கொடிமுந்திரி' ஆயிற்று. இஃது இரண்டாம் படி. இன்று கொடிமுந்திரி என்பதும் முதியோர் வாயிலும் பழைய நூல்களிலுமன்றிக் கேட்டற்கரிதாய், திராட்சை என்பதே நின்றுவிட்டது. இது மூன்றாம் படி. மலையாளமோ முதல் நிலையிலிருந்து நகரவே இல்லை. அங்கு முந்திரி என்றால் கொடியில் காய்ப்பதே. விவிலியத்தின் திராட்சைக்கொடி மலையாளத்தில் 'முந்திரிவள்ளி' என நிற்க, சீர்திருத்தச் சபையாரின் தமிழ் விவிலியத்தில் அது 'திராட்சச்செடி' எனப்பட்டது. ஒரே மூலத்தை இரு மொழியார் பெயர்த்த காலத்தில் தமிழில் முந்திரி என்னும் சொல் ஐயத்திற்கு இடமாகிவிட்டது என்பதற்கு இதுவே போதிய சான்று.

கணக்கு முந்திரியை இவற்றோடு கலத்தல் கூடாது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்களில் நிலத்தை முந்திரிகையளவும் அதன் கீழும் அளந்து இறை கணித்த செய்தியைக் காண்கின்றோம். அது பின்ன எண்ணின் பெயர். பழத்தோடு அதனை இணைப்பதற்கு யாம் ஒரு காரணமும் காணவில்லை. இதனை ஈண்டு எடுத்துரைத்தமைக்குக் காரணம், கல்வெட்டில் முந்திரிகை எனக் கண்டவுடன் திராட்சைத் தோட்டம் எனத் துள்ளும் ஆர்வலரும் சிலர் உளர் என்பதே.

பெயர் நிற்க, மதுவுக்கு வருவோம். கானாடுகாத்தானுக்கு மேற்கே சில காதத்தில் பிரான்மலை உள்ளது. பாரியின் பறம்பு அதுவே என்பர். உழவர் உழாமலே பறம்பு தரும் விளைவு நான்கு எனக் கபிலர் புறநானூற்றில் (109) எண்ணுகின்றார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. நான்காவதாகிய தேனே அம்மலைநாட்டு மதுவின் மூலப்பொருள். தேனை மூங்கிற் குழாயில் அடைத்து நெடுநாள் விளையவைத்துப் பெறும் தெளிவைத் தேறல் என்றனர். திருமுருகாற்றுப்படையில் குன்றக் குறவர் அதனைச் சுற்றத்தோடு உண்டு மகிழ்கின்றனர். கடற்கரையிலோ பனையின் கள். பட்டினப்பாலை அதனைப் 'பிழி' என்னும். அரிசியினின்று வீட்டிற் சமைத்தது தோப்பி. அது பெரும்பாணாற்றுப்படையில் வரும். கள், நறவு, மட்டு, அரியல், மகிழ் என மதுவுக்கு இத்துணைப் பெயர் வழங்கிய மொழியில், கொடியின் பழத்தைப் பிழிந்து ஆக்கியதெனத் தெளிவாகச் சொல்லத்தக்க உள்நாட்டு மது ஒன்றும் இல்லை. குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களில் திராட்சை இடம்பெறாமையைச் சிலர் சான்றாகக் காட்டுவர். திராட்சை பூவாற் சிறந்த கொடியன்று, சூடற்கும் உரியதன்று. ஆகலின் அச்சான்று வலியுடைத்தன்று என்பது எம் கருத்து. 'பிழி' என்னும் சொற்கொண்டே பழம் பிழிந்தமை பெறப்படும் என வாதிடுதலும் பொருந்தாது. பட்டினப்பாலையில் அச்சொல் பனையோடு ஒட்டியே வருகின்றது.

ஆயின் வெளிநாட்டு மது வந்தது. புறநானூற்று ஐம்பத்தாறாம் பாட்டில், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க உண்டு இனிது இருப்பாயாக என்னும் பொருள்படப் பாடுகின்றார். யவனர் கொணர்ந்தது திராட்சை மது என்பதில் ஐயத்திற்கு இடம் குறைவு. மத்தியதரைக் கடற்கரை நாடுகளினின்று கலத்தில் அடைத்து வரக்கூடிய மது அதுவே. ஆனால் புலவர் அதற்குப் புதுப்பெயர் இடவில்லை. முந்திரிகை என்றோ திராட்சை என்றோ கூறவில்லை. மலைக்குறவன் மூங்கிலில் விளைத்ததற்கு வழங்கிய அதே 'தேறல்' என்னும் சொல்லால் குறித்தார். இதனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பெயரைக் கொடியோடு சேர்த்து அறிந்திருப்பின் கொடியின் பெயரால் அதனைச் சுட்டியிருப்பார். பாண்டியன் அவைக்களத்தில் மது இருந்தது. அதனை ஈன்ற கொடி எவர் நினைவிலும் இல்லை.

அகழ்வாய்வும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. வையை கடலொடு கலக்கும் இடத்தில் உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1986ஆம் ஆண்டு தொடங்கிப் பல பருவங்களில் அகழ்ந்தபோது, உரோம நாட்டுக் காசுகளோடு இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. கீழைக்கரையில் அரிக்கமேட்டை 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தது முதல் இத்தகைய ஓடுகள் அங்கு மிகுதியாகக் கண்டெடுக்கப்பட்டன. கோஸ் தீவின் சாடிகளும் அவற்றைப் பார்த்து வேறிடங்களிற் செய்த சாடிகளும் அவற்றுள் பல எனச் சாடியோடுகளை ஆராய்ந்த எலிசபெத்து வில் காட்டினார். கோஸ் மதுவில் கடல்நீர் கலத்தல் வழக்கம். உரோமராகிய கேட்டோ தம் உழவுநூலில் அம்மதுவைப் போலச் செய்யும் முறையை எழுதிவைத்துள்ளார். உப்பேறிய மது நெடும்பயணத்திலும் எளிதிற் கெடாது. நக்கீரர் பாடிய தேறல் நாம் கருதுவதுபோல் இனிப்பானதன்றி, சற்று உவர்ப்புடையதாகவும் இருந்திருக்கலாம் என்று எண்ணும்போது உரையாசிரியர் எவரும் சொல்லாத ஒரு சுவை அப்பாட்டிற்குக் கிடைக்கின்றது.

எனினும் ஓடு கண்ட இடமெல்லாம் மது எனல் தவறு. சாடிகளுட் சில ஒலிவ எண்ணெயையும் சில மீன்குழம்பையும் கொணர்ந்தன. உரோமச் சாடி எனக் கருதப்பட்டவற்றுட் பல மெசபொதோமியாவினின்று வந்த, உள்ளே நிலக்கீல் பூசிய சாடிகள் என இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இராபர்ட்டா தொம்பர் அடையாளங் கண்டார். செங்கடற் செலவு நூலின் ஆசிரியரும், முசிறிப் பகுதிக்கு மது வரும், ஆனால் மிகுதியன்று என்றே குறிக்கின்றார். வடக்கே பாருகச்சத்தில் இத்தாலிய மதுவுக்கே விருப்பம் மிகுதி என்கின்றார். ஆதலின் யவனர் தேறல் அரசர்க்கும் பெருஞ்செல்வர்க்கும் உரிய அரும்பண்டம், பொதுமக்கள் குடித்ததன்று. கானாடுகாத்தானின் அண்மைப் பகுதியாகிய புதுக்கோட்டைச் சீமையில், கறுக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 உரோமப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் அரசன் தலைமீது உளியால் வெட்டியுள்ளனர். காசு காசாக அன்றிப் பொன்னாகவே மதிக்கப்பட்டது போலும். பொன் உள்நாட்டின் நடுவரை வந்து புதையலாயிற்று. மதுவோ குடித்தவனோடு தீர்ந்தது.

வடபுலத்தில் நிலைமை வேறு. கௌடலியர் தம் பொருணூலில், மதுவகைகளை முறைப்படுத்தும் பகுதியில், 'மது' என்னும் சொல்லைத் திராட்சைச் சாற்றினின்று ஆனதற்கே வரைந்து கூறி, அது பிறந்த நாட்டின் பெயரால் காபிசாயனம், ஆரகூரகம் என இருவகைப்படும் என்பர். காபிசம் காபுலுக்கு வடக்கேயுள்ள நாடு. கொடி விளைந்த நாட்டின் பெயரே மதுவின் பெயராயிற்று என்பது உற்றுநோக்கத்தக்கது. பிரஞ்சுக்காரர் இன்றும் அவ்வாறே பெயரிடுகின்றனர். இப்பொருணூலைத் தமிழாக்கிய பண்டிதமணி மு. கதிரேசஞ் செட்டியார் இதே நாட்டு மகிபாலன்பட்டியிற் பிறந்தவர். கானாடுகாத்தானில் அண்ணாமலை அரசர் பிறந்ததும் அவர் பிறந்த 1881ஆம் ஆண்டிலேயே. 'மது' என்பது தமிழுக்கு வந்தபோது அவ்வரையறையை இழந்து தேனுக்கும் கள்ளுக்கும் எல்லா வெறிநீர்க்கும் பொதுவாயிற்று. கொடி இல்லாத நாட்டில் கொடிக்குரிய சொல் தனித்து நிற்றல் இயலாது.

இடைக்காலத்தில் திராட்சை நம்மிடையே மருந்தாக வாழ்ந்தது. உலர்ந்த பழத்தை வெல்லத்தோடும் காட்டாத்திப் பூவோடும் சேர்த்துப் புளிக்கவைக்கும் திராட்சாரிட்டம் என்பது ஆயுள்வேதத்தார் கைமுறை. முறையால் அதுவும் திராட்சை மதுவே. ஆனால் அதற்கு வேண்டிய பழம் தோட்டத்தினின்று வந்ததன்று, சரக்குக்கடையினின்று வந்தது.

தென்னாட்டின் வாயிலுக்குக் கொடி வந்தது தேவகிரி வழியே. முகம்மது பின் துக்ளக் 1327ஆம் ஆண்டு தன் தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றி, அதற்குத் தௌலதாபாத்து எனப் பெயரிட்டான். 1340க்குப் பின் அவ்வழிச் சென்ற இபுன் பதூதா, அங்குத் திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இருமுறை பழுப்பதை வியந்து எழுதினார். தோட்டக்கலை நூல்கள் சில அவர் வந்த ஆண்டை 1430 என அச்சிட்டு வருகின்றன. அப்போது அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகட்கு மேலாயிற்று. இலக்கம் இடம் மாறிய அச்சுப்பிழை, நூலுக்கு நூல் படியெடுக்கப்பட்டது போலும். 'இருமுறை' என்னும் செய்தி மிக இன்றியமையாதது. குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். வேனிலில் விழித்து ஆண்டிற்கு ஒருமுறை பழுக்கும். வெப்பநாட்டில் அதற்கு உறக்கமில்லை. உழவன் கத்தியால் வெட்டியே அதனை எழுப்புகின்றான்.

தமிழகத்தில் இதனை நன்கு காணத்தக்க இடம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்குக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தலிட்டு வளர்ப்பது பன்னீர்த் திராட்சை என்னும் கருநிறப் பழம். மார்கழி தையில் கவாத்துச் செய்தால் சித்திரை வைகாசியில் அறுவடை. வைகாசி ஆனியில் கவாத்துச் செய்தால் ஆவணி புரட்டாசியில் அறுவடை. தோட்டத்திற்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றிக்கொள்வதால் ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு பந்தலில் பழம் இருந்துகொண்டே இருக்கும். 2023ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இக்கொடியை 1832ஆம் ஆண்டு பிரஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொணர்ந்தார் என்பது அப்பகுதி வழக்கு. குறியீடு பெற்றபோதும் இதுவே எடுத்துரைக்கப்பட்டது. வழிபாட்டில் ஒப்புக்கொடுக்கும் மது கொடியின் கனியினின்று ஆனதாகவும் கெடாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. பனங்கள்ளும் தேனும் அதற்கு உதவா. கடலினின்று நெடுந்தொலைவிலிருந்த சிற்றூர்க் கோயில்களுக்கு ஐரோப்பிய மது வருதல் அரிது. வருமுன் புளித்துவிடுதலும் உண்டு. ஆகவே மறைபரப்ப வந்தவர் கொடி நட்டார் என்பது இயல்பான செய்தியே. அதன் சாரத்தை யாம் மறுக்கவில்லை. ஆண்டையும் கொடியையும் பற்றி மட்டும் ஐயம் எழுகின்றது.

பன்னீர்த் திராட்சை என்பது மேலைநாட்டார் மசுகட்டு ஆம்பர்க்கு எனக் கூறும் வகை. அவ்வகை இங்கிலாந்தில் பெட்போர்டுசயர்த் தோட்டக்காரராகிய சீவர்டு சினோ என்பவர் வளர்த்து 1850ஐ ஒட்டி வெளிப்படுத்தியது. இருவேறு வகைகளின் கலப்பால் அது பிறந்தது என்பதை இக்கால மரபணு ஆய்வும் உறுதிப்படுத்தியுள்ளது. 1850ஐ ஒட்டித் தோன்றிய கொடி 1832ஆம் ஆண்டு கம்பத்தில் நடப்பட்டிருத்தல் இயலாது. இனி, மதுரை மிசனுக்குப் பிரஞ்சு இயேசு சபையார் மீண்டும் வந்தது 1838ஆம் ஆண்டில். அதற்கு முன் இப்பகுதியில் பிரஞ்சுப் பாதிரியார் ஒருவர் இருந்திருப்பின் அவர் புதுச்சேரியை நடுவிடமாகக் கொண்ட பாரிசு மறைபரப்புச் சபையைச் சார்ந்தவராதல் வேண்டும். பெரியாற்று அணை திறந்து பள்ளத்தாக்கில் பாசனம் பெருகியதோ 1895ஆம் ஆண்டிற்குப் பின். இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கின், முதலில் வேறொரு வகைக் கொடி கோயில் வளாகத்து நிழற்பந்தல் அளவில் வந்தது, மசுகட்டு பின்னொரு காலத்தில் வந்து அதன் கதையையும் தனதாக்கிக்கொண்டது எனக் கொள்ளுதலே பொருத்தமாகத் தோன்றுகின்றது. மரமுந்திரி கொடிமுந்திரியின் பெயரைக் கைக்கொண்டது போலவே இதுவும் நிகழ்ந்தது எனலாம். வழக்கைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. உழவர் தம் பழத்தின் பெருமையை நிலைநாட்ட இந்த ஆண்டையே சான்றாக நம்பியிருப்பதால், பங்குக்கோயில்களின் ஏடுகளையும் புதுச்சேரி, சண்பகனூர் ஆவணங்களையும் இளம் ஆய்வாளர் துருவிப் பார்த்தல் வேண்டும் என்பதே எம் விழைவு.

பலிபீடத்திற்காக வந்த கொடி தின்பழமாகிவிட்டது. பழத்தின் வகையே காரணம் என்பர் சிலர். மசுகட்டு மேசைப் பழமேயன்றி மதுப்பழமன்று என்பது அவர் வாதம். அது முழுதும் உண்மையன்று. சீனத்துத் தியான்சினில் 1980ஆம் ஆண்டு பிரஞ்சுக்காரரோடு கூட்டாகத் தொடங்கிய மதுவாலை இதே வகையினின்றே வெள்ளை மது வடித்துப் பெயர் பெற்றது. விளைச்சலின் அளவு ஒரு காரணமாகலாம். கம்பத்தில் எக்டேருக்கு ஏறத்தாழ 30 டன் பழம் எடுப்பர். பிரஞ்சு நாட்டின் பேர்போன மதுத்தோட்டங்களிலோ அதன் கால்பங்கு அளவிலேயே விளைச்சலைக் கட்டுப்படுத்திச் சாற்றைச் செறியச் செய்வர். இரவிலும் தணியாத வெப்பம் பழத்தின் புளிப்பைக் குறைத்துவிடுவதும் மதுவுக்கு ஆகாது.

இவற்றினும் சட்டமே வலிய காரணம். 1937ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948ஆம் ஆண்டிற்குள் சென்னை மாகாணம் முழுதும் பரவிற்று. 1971ஆம் ஆண்டு தளர்த்தப்பட்டு, 1974ஆம் ஆண்டு மீண்டும் இறுக்கப்பட்டது. வழிபாட்டு மதுவுக்கு உரிமத்தோடு விலக்கு இருந்தது. 1984ஆம் ஆண்டு அதற்கெனத் தனி விதிகளும் இயற்றப்பட்டன. அந்நிலையில் மதுவுக்கெனக் கொடி நடத் துணிதல் அரிதாயிருந்தது. மகாராட்டிரத்திலோ 1980களில் நாராயண்காவில் மதுவாலை எழுந்தது, 2001ஆம் ஆண்டு அரசே திராட்சை மதுவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது, நாசிக்கு மதுநகராயிற்று. மதுவிலக்கின் நன்மை தீமையை எடையிடுதல் இக்கட்டுரைக்கு அப்பாற்பட்டது. ஒரு பயிரின் போக்கைச் சட்டம் எவ்வாறு திருப்பிற்று என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

இத்துணையும் கூறிய பின், கானாடுகாத்தானில் கொடி ஏன் வரவில்லை என்னும் வினாவை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்சியக் கண்ணாடியும் கப்பலேறி வந்த ஊர் அது. செல்வமும் அயல்நாட்டுத் தொடர்பும் குறைவற்ற அங்கே நீர்தான் குறைவு. கூரையில் விழும் மழையையும் வீணாக்காது வழிப்படுத்தி ஊருணிக்கு விடும் ஊர்களில், நாள்தோறும் கிணற்றுநீர் கேட்கும் கொடிக்கு இடமில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இலையைத் தின்னும் அடிச்சாம்பல் நோயும் பழவெடிப்பும் வேறு. செம்புறாங்கல் நிலமோ மரமுந்திரிக்கு ஏற்றது. புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் காடுகளில் அது தழைத்து நிற்பதைக் காணலாம். சொல்லைக் கைப்பற்றிய மரமே நிலத்தையும் கைப்பற்றிக்கொண்டது.

சொல்லும் கொடியும் மதுவும் பிரியாது ஒரே இடத்தில் நின்றதை யாம் அறிந்த அளவில் யாழ்ப்பாணத்தில்தான் காணலாம். அங்குச் சுண்ணக்கல் நிலமும் ஆழக் கிணறுகளும் கொடிக்கு இசைந்தன. வலிகாமம் வடக்கில் தோலகட்டியில் தோமசு அடிகளார் 1928ஆம் ஆண்டு தொடங்கிய உரோசேரியன் துறவு மடத்தார், நெல்லிச் சாற்றாலும் முந்திரிகை இரசத்தாலும் பேர் பெற்றனர். கம்பத்தைப் போலவே அங்கும் தூண்டுகோல் துறவு மடமே. ஆனால் அங்கு உழவன் நடுவதும் முந்திரிகை, சந்தையில் விற்பதும் முந்திரிகை, மடத்திற் பிழிவதும் முந்திரிகை.

எண்சுவடி ஒப்பித்த கானாடுகாத்தான் பெரியவரிடம் இதனைக் கூறியபோது, சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, பதினாறு வயதில் கொழும்புக் கடைக்கு அடுத்தாளாகச் சென்ற புதிதில் நடந்ததொன்றைச் சொன்னார். முதலாளி வீட்டில் பாயசம் வைக்க முந்திரி வாங்கிவருமாறு பணித்தனராம். கடைக்காரர் யாழ்ப்பாணத்தார். இவர் கேட்க, அவர் எடுத்துக் கொடுத்தது ஒரு பொட்டலம் உலர்ந்த திராட்சை. இஃது அன்று, பருப்பு வேண்டும் என இவர் சொல்ல, முந்திரிகை கேட்டால் முந்திரிகைதானே தருவேன், பருப்பு வேண்டுமாயின் கஜு என்று கேள் எனக் கடைக்காரர் கடிந்தனராம். ஊருக்குப் புதியவன் என்பதால் தம்மை ஏய்க்கப் பார்க்கின்றார் என்றே அன்று எண்ணியதாகவும், எழுபது ஆண்டு கழித்தே அவர் பக்கம் நியாயம் இருந்தது தெரிகின்றது என்றும் அவர் கூறினார்.